ஒரு குட்டிக்கு எத்தனை தாய்?

பன்றியின் இதயம் மனிதனின் மார்பிலே துடித்தது! 2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரிலே, மேரிலாந்துப் பல்கலைக் கழக மருத்துவமனையிலே நடந்தது அது. மனித இதயம் பெறும் வாய்ப்பு இல்லை என்று முடிவு சொல்லப்பட்டுப் படுக்கையிலே கிடந்த 57 வயது மனிதர் ஒருவருக்கு, மரபணுக்களிலே 10 மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயத்தைப் பொருத்தினர். இரண்டு திங்கள் அவரைத் தாங்கிற்று அந்த இதயம், பிறகு ஓய்ந்தது. இரண்டே திங்கள்தானா என்று கேட்டனர் சிலர். இரண்டு திங்களா என்று வியந்தனர் பலர். 2024ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரிலே பன்றியின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்மணி ஒருவர் 130 நாள் அதனோடு வாழ்ந்தார். உடல் அதனை ஏற்க மறுத்தபோது எடுத்துவிட்டனர். அவர் மீண்டும் இயந்திரத்தின் துணைக்குத் திரும்பினார்.

ஏடுகள் எழுதின. படங்கள் வந்தன. அறுவை வல்லாரின் பெயரை ஊரெல்லாம் அறிந்தது. வாதமும் பிறந்தது. "அற்புதம்!" என்றனர் ஒரு சாரார், "அக்கிரமம்!" என்றனர் மற்றொரு சாரார். அற்புதம் என்றவரும் கேட்கவில்லை, அக்கிரமம் என்றவரும் கேட்கவில்லை, ஒரு சின்னஞ்சிறு கேள்வியை. அந்தப் பன்றி எங்கிருந்து வந்தது?

தாய் வயிற்றிலிருந்துதான், வேறெங்கிருந்து வரும் என்று நகைப்பீர்கள். நகையுங்கள், ஆனால் எந்தத் தாய் என்று சொல்லிவிட்டு நகையுங்கள். ஒரு பன்றியின் உடலிலிருந்து எடுத்த உயிரணுவிலே மரபணுக்களை மாற்றுகிறார்கள். வேறொரு பன்றியின் சூலை எடுத்து, அதன் உட்கருவை உறிஞ்சி நீக்கிவிட்டு, மாற்றிய உயிரணுவை அதனுள் குடியேற்றுகிறார்கள். அவ்விதம் உண்டான கருவை மூன்றாவது பன்றி ஒன்றின் வயிற்றிலே வைக்கிறார்கள். உயிரணு தந்தது ஒன்று, சூல் தந்தது ஒன்று, சுமந்து ஈன்றது ஒன்று! இத்தனையும் சரியாக நடந்தேறினால் மூன்று தாயோடு கணக்கு முடியும். சரியாக நடப்பது அரிது. ஆகவே சுமக்க வைத்தும் சூலுறாத பன்றிகள், சூலுற்றும் கலைந்த பன்றிகள், ஈன்றும் குட்டி தங்காத பன்றிகள் என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. எங்கே நீளுகிறது, ஏன் நீளுகிறது என்று தேடிக்கொண்டு போனால், அறுவைக் கூடத்தின் ஒளிவிளக்கு நமக்கு உதவாது. ஆய்வுக்கூடத்தின் மூலையிலே, மூடிய வெப்பப் பெட்டிக்குள்ளே, உள்ளங்கை அகலமுள்ள ஒரு தட்டிலே வந்து நிற்போம். அந்தத் தட்டிலே கிடக்கின்றன பன்றியின் சூல்கள்.

அதற்குமுன் வழியிலே நிற்கும் இருவருக்குப் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். முதலாமவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். "சேற்றிலே புரளும் பன்றி! அதன் சூலைத் தொட்டு ஆராய்வதா? அதன் இதயத்தை மனிதன் உடலிலே வைப்பதா? தீட்டல்லவா!" என்கிறார். அவருக்கு நீண்ட விடை தேவையில்லை. 1922இலே நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஊசி போடத் தொடங்கிய நாள்தொட்டு, மனித இன்சுலினை நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கும் வழி 1980களில் வரும்வரையில், உலகெங்கும் நோயாளிகளைக் காத்துவந்தது மாட்டின் கணையமும் பன்றியின் கணையமுந்தான். பழுதான இதயத் தடுக்கிதழுக்குப் பதிலாகப் பன்றியின் தடுக்கிதழைத் தைத்துக்கொண்டு நடமாடுவோர் பல நாடுகளிலே உண்டு. அவர்களிலே மூக்கைப் பொத்துகிறவர் எவரும் இல்லை என்று நான் உறுதி கூற முடியாது! புட்டியிலே வந்தால் மருந்து, புழுதியிலே நின்றால் தீட்டு. இந்த அறிவு நமக்கு வேண்டாம்.

இரண்டாமவர் சற்றே மெல்லப் பேசுகிறார். இயற்கை விதித்ததை மனிதன் மாற்றலாமா என்கிறார். அம்மை குத்திக்கொண்டவரும், மூக்குக் கண்ணாடி அணிந்தவரும், ஆற்றுக்குப் பாலம் கட்டியவரும் எழுந்து நின்று விடை சொல்லட்டும். நாம் மேலே செல்வோம்.

மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரை அப்படி அனுப்பிவிட முடியாது. அவர் மூக்கைப் பொத்தவில்லை, விதியை இழுக்கவில்லை. "அந்த விலங்கு வலியறியுமா, அறியாதா?" என்று மட்டும் கேட்கிறார். 1789இலே இங்கிலாந்து நாட்டுச் சிந்தனையாளர் செரெமி பெந்தம் கிளப்பிய கேள்வி அது. விலங்குக்குப் பகுத்தறியும் ஆற்றல் உண்டா, பேசும் ஆற்றல் உண்டா என்பதன்று வழக்கு. துன்புறும் ஆற்றல் உண்டா என்பதே வழக்கு என்றார் அவர். பன்றி அறிவுமிக்க விலங்கு. வலியறியும், அச்சமறியும், தன் கூட்டத்தைப் பிரிந்தால் கலங்கும். இதை மறுப்பவர் பன்றி வளர்த்தவரல்லர். எனவே மூன்றாமவரைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் அந்தத் தட்டருகே போக வேண்டும்.

சூல் வரும் வழியை முதலிலே பார்ப்போம். அது இறைச்சிக் கூடத்திலிருந்து வருகிறது. உணவுக்கென வளர்க்கப்படும் பன்றியை ஏறக்குறைய ஆறு திங்களிலே அறுத்துவிடுகின்றனர். பெண் பன்றி பருவமடைவதும் அந்த வயதை ஒட்டியே. ஆகவே அங்கே அறுபடும் பெண் பன்றிகளிலே பல, பருவத்தின் வாயிலைக் கூடக் காணாதவை! இறைச்சி ஒரு பக்கம் போகிறது. தோல் ஒரு பக்கம் போகிறது. சூற்பை குப்பைக்குப் போகிறது. அந்தக் குப்பையைத்தான் இளஞ்சூடான உப்பு நீரிலே இட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வருகிறார்கள். சூற்பையின்மீது நீர்க்குமிழ்கள் முத்துமுத்தாக நிற்கும். மூன்று மில்லிமீட்டர் முதல் ஆறு மில்லிமீட்டர் வரை பருத்த குமிழ்களாகப் பார்த்து, ஊசி குத்தி நீரை உறிஞ்சுகிறார்கள். அந்த நீரோடு வருகிறது சூல். மில்லிமீட்டரிலே எட்டில் ஒரு பங்கு பருமன்! கொழுப்பு நிறைந்ததாகையால் நுண்ணோக்கியிலே கறுத்துத் தெரியும். சுற்றிலும் சிற்றணுக்கள் பல அடுக்காகச் சூழ்ந்து, செவிலியர் குழந்தையைச் சூழ்ந்திருப்பதுபோல நிற்கும். அந்தச் செவிலியரை இழந்த சூலைத் தேர்வதில்லை, தேர்ந்து பயனுமில்லை.

மூன்றாமவர் குறிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. சூலுக்காக அந்தப் பன்றியைக் கொல்லவில்லை. அது முன்னரே கொல்லப்பட்டது, தட்டிலே வைத்து உண்ணுவோருக்காக. இந்த எழுத்தாளனும் அவர்களிலே ஒருவன்தான், மறைப்பானேன்? உணவு மேசையிலே ஒரு நீதி, ஆய்வு மேசையிலே ஒரு நீதி என்று இரண்டு படி வைத்து அளப்பது எனக்குக் கூச்சமாயிருக்கிறது. சூலுக்கும் வலியில்லை, நரம்பில்லாத ஓரணுவுக்கு வலி ஏது? ஆகவே தட்டிலே கிடக்கும் சூலுக்காக எவரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. கண்ணீருக்கு உரியவை வேறிடத்திலே நிற்கின்றன. அங்கே பிறகு போவோம்.

உறிஞ்சி எடுத்த சூல் முதிர்ந்ததன்று. முதிராச் சூலிலே உயிரணுவைக் குடியேற்றினாலும் பயனில்லை. விந்தணுவைச் சேர்த்தாலும் பயனில்லை. முதிர்வித்தாக வேண்டும். வயிற்றுக்குள்ளே தாயுடல் செய்யும் பணியை வெளியிலே தட்டு செய்தாக வேண்டும். முடியுமா? முடியும் என்பதற்கான முதற்குறிப்பு 1935இலே கிடைத்தது. கிரிகரி பின்கஸ் என்பார் முயலின் சூலைக் குமிழிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். எவரும் தூண்டாமலே அது முதிரத் தொடங்கிற்று! குமிழுக்குள்ளே இருந்தவரையில் அடங்கிக் கிடந்தது. வெளியே வந்ததும் ஓடத் தலைப்பட்டது. அப்படியானால் குமிழின் வேலை சூலை வளர்ப்பது மட்டுமன்று. தடுத்து வைப்பதும் அதன் வேலை. இந்தச் செய்தியை நினைவிலே வையுங்கள்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்திலே ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் மனிதச் சூலை முதிர்விக்க முயன்றார். மனிதச் சூலுக்கு 12 மணி நேரம் போதும் என்பது முன்னோர் கூற்று. அவர் பார்த்தார், 12 மணி நேரத்திலே ஒன்றும் நிகழவில்லை. முன்னோர் கூற்றைப் பொய்யாக்க மனமின்றிச் சூலைக் குறை கூறியிருக்கலாம் அவர். கூறவில்லை, காத்திருந்தார். ஒரு நாள் கடந்தது. அதன் பிறகே அசைவு தெரிந்தது. எலியின் சூல் அரை நாளிலே முதிர்கிறது. மனிதச் சூலுக்கு ஏறக்குறைய 36 மணி நேரம். பன்றிச் சூலைத் தட்டிலே 42 மணி நேரம், 44 மணி நேரம் என்று வைக்கிறார்கள். 1965இலே அவர் 'நேச்சர்' இதழிலே வெளியிட்ட கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள். எலி, செம்மறியாடு, பசு, பன்றி, ரீசஸ் குரங்கு, மனிதன் ஆகியவற்றின் சூல்கள் உடலுக்கு வெளியே முதிர்வது பற்றி என்பது அது. ஒரே வரி! பசுவும் பன்றியும் பக்கத்திலே பக்கம். மனிதன் அதே வரிசையிலே கடைசி. மேலோர் கீழோர் என்று பிரித்துப் பந்தி வைத்துப் பழகிய கண்களுக்கு இந்தத் தலைப்பு ஒரு நல்ல மருந்து என்பது என் கருத்து. ஆய்வாளர் அதையெல்லாம் எண்ணி எழுதியிருக்க மாட்டார்.

அந்த வரிசையிலிருந்து வளர்ந்ததுதான் 1978 சூலை 25இலே பிறந்த லூயி பிரௌன் என்ற குழந்தையும், 2010இலே எட்வர்ட்ஸ் பெற்ற நோபல் பரிசும். லூயி பிரௌன் உருவான சூல் தாயின் உடலுக்குள்ளேயே முதிர்ந்தது. வெளியிலே முதிர்ந்த மனிதச் சூலிலிருந்து கொரிய நாட்டிலே குழந்தைகள் பிறந்த செய்தி 1991இலே வந்தது. இன்றும் குழந்தை வேண்டும் பெண்ணுக்கு நாள்தோறும் இயக்குநீர் ஊசி குத்தி, ஒரே சமயத்திலே பல சூல்களை உடலுக்குள்ளே முதிரச் செய்கிறார்கள். சிலருக்கு அந்த ஊசியே நோயாகிவிடுகிறது: சூற்பை வீங்குகிறது, வயிற்றிலே நீர் கோக்கிறது, அரிதாக உயிருக்கே ஊறு நேருகிறது. சூலைத் தட்டிலே நன்றாக முதிர்விக்கக் கற்றுக்கொண்டால், அந்தப் பெண்ணின் உடலுக்கு அத்தனை ஊசி வேண்டியதில்லை. பன்றிச் சூலைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தட்டுக்குள்ளே நோக்குவோம். 44 மணி நேரம் கழித்துச் சூலைப் பார்க்கிறார்கள். உட்கரு பிளவுபட்டு, தேவையற்ற பாதியை ஒரு சிறு மணியாக வெளியே தள்ளியிருக்கும். அந்த மணியைக் கண்டால் "முதிர்ந்தது" என்று எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதப்பட்ட சூல்களிலே விந்தணு புகுந்தது. புகுந்தபின் விரிந்து தன் மரபுப் பொருளைத் தர வேண்டுமல்லவா? பலவற்றிலே விரியவில்லை. கதவு திறந்தது, விருந்தினர் உள்ளே வந்தார், இருக்கை போட ஆளில்லை! வேறு சிலவற்றிலே ஒரு விந்தணுவுக்குப் பதில் இரண்டு மூன்று நுழைந்து கரு கெட்டது. பன்றியிலே இந்தத் தொல்லை மிகுதி. அப்போதுதான் தெளிவாயிற்று, முதிர்ச்சி என்பது ஒன்றன்று, இரண்டு என்பது. உட்கருவின் முதிர்ச்சி ஒன்று; அதைச் சூழ்ந்த உயிர்ப்பொருளின் முதிர்ச்சி மற்றொன்று. முன்னது கண்ணுக்குத் தெரியும். பின்னது தெரியாது. தெரிந்ததைக் கண்டு தெரியாததும் ஆயிற்று என்று முடிவு கட்டினார்கள். வயது வந்தது என்பதற்காகவே அறிவு வந்தது என்று நம்பிக்கொள்ளும் நம் வழக்கம் ஆய்வுக்கூடத்திலும் இருந்திருக்கிறது!

குறை எங்கே என்று தேடினர். குளுடாதையோன் என்ற பொருள் சூலுக்குள்ளே போதாமையே விந்தணு விரியாமைக்குக் காரணம் என்று கண்டனர். சிஸ்டீன் என்னும் எளிய பொருளைத் தட்டு நீரிலே கலந்தால் சூல் அதைக்கொண்டு குளுடாதையோனை ஆக்கிக்கொள்ளும் என்று 1993இலே காட்டினர். அதற்கு முன்பே, 1989இலே, இத்தாலியின் பொலோஞா நகரத்து ஆய்வாளர்கள், தட்டிலே முதிர்ந்து தட்டிலே கருவுற்ற சூல்களிலிருந்து பன்றிக் குட்டிகளைப் பிறப்பித்திருந்தனர். பிறப்பித்தல் ஆயிற்று, பத்திலே எத்தனை, நூற்றிலே எத்தனை என்பதுதான் தீராத பாடாயிற்று.

பின்கஸ் கண்டதை நினைவிலே வைக்கச் சொன்னேனே, அது இங்கே பயன்படுகிறது. குமிழைவிட்டு வந்ததும் சூல் ஓடத் தொடங்குகிறது. உட்கரு விரைகிறது, சுற்றியுள்ள உயிர்ப்பொருள் தன் பண்டங்களைச் சேமித்து முடிக்கவில்லை. அப்படியானால் சூலைச் சற்றுப் பிடித்து நிறுத்தினால் என்ன? 1997இலே மிசௌரிப் பல்கலைக் கழகத்து ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். குமிழுக்குள்ளே சூலை அடக்கி வைக்கும் பொருளின் வடிவம் ஒன்றை முதல் 20 மணி நேரம் தட்டிலே சேர்த்து, பிறகு எடுத்துவிட்டார்கள். எல்லாச் சூல்களும் ஒன்றாக நின்றன, ஒன்றாகப் புறப்பட்டன, முன்னைவிட நன்றாகக் கருவாயின. முதிர்விப்பதற்காகத் தடுத்தார்கள்! பிள்ளையைப் பத்து வயதிலே பட்டதாரி ஆக்கிவிடத் துடிக்கும் பெற்றோர் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

மற்றொரு தொல்லையும் இருந்தது. தட்டு நீரிலே பன்றியின் குமிழ் நீரையே நூற்றுக்குப் பத்துப் பங்கு கலப்பது நெடுநாள் வழக்கம். கலந்தால் நல்ல பயன் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று கேட்டால் விடையில்லை. ஒருநாள் நீர் நன்றாயிருக்கும். மறுநாள் நீர் கெடுக்கும். பாட்டி வைத்தியம்போல, கைப்பக்குவம்! இன்னது என்று பெயர் தெரிந்த பொருள்களை மட்டுமே கொண்டு தட்டை அமைக்க முயன்றவர்கள் 2017இலே ஒரு வழி கண்டார்கள். மீண்டும் மிசௌரிதான். உடலின் அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொருள்களிலே மூன்றைத் தேர்ந்து சேர்த்துக் கலந்தார்கள். தனித்தனியே அவை செய்ததைவிடக் கூடி நின்று மிகுதியாகச் செய்தன. மரபணு மாற்றிய பன்றிக் குட்டிகளை ஆக்கும் திறன் நான்கு மடங்காயிற்று என்பது அவர்கள் தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பு.

நான்கு மடங்கு! இந்தச் சொல்லைக் கேட்டதும் வணிகர் இலாபத்தை எண்ணுவார். ஆய்வாளர் புகழை எண்ணுவார். நான் மூன்றாமவரைத் திரும்பிப் பார்க்கிறேன். அவர் வேறொன்றை எண்ணுகிறார். கண்ணீருக்கு உரியவை வேறிடத்திலே நிற்கின்றன என்றேனல்லவா? அந்த இடம் இதுதான்.

பாதி முதிர்ந்த சூலும் பார்வைக்கு முதிர்ந்த சூல்போலவே இருக்கும். அதிலிருந்து உண்டான கருவும் சில நாள் வளரும். அதன் குறை தட்டிலே வெளிப்படாது. பன்றியின் வயிற்றிலேதான் வெளிப்படும். உயிரணு குடியேற்றிய கருக்களிலே குட்டியாவது மிகச் சில என்பதால், ஒரே பன்றியின் வயிற்றிலே நூற்றுக்கும் மேற்பட்ட கருக்களை வைக்கும் வழக்கம் வந்தது. அதற்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கீற வேண்டும். தொடக்கத்திலே நான்கு கருக்களேனும் வயிற்றிலே உயிரோடிருந்தாலன்றிப் பன்றி கருவைத் தாங்காது. அதன் உடல் தான் சூலுற்றதையே உணராமல் உதறிவிடும். தாங்கினால் 114 நாள் சுமக்கும். சுமந்தும் குட்டி செத்துப் பிறக்கும், பிறந்து சாகும். நூறு கருக்களிலே தொண்ணூற்றைந்து வீணானால், வீணானது தட்டு நீர் மட்டுமன்று. உணர்ச்சியுள்ள, வலியுள்ள ஓர் உயிரின் உடலும் நாளுமே வீணாயின. சூலுக்கு வலியில்லை, ஆனால் அரைகுறைச் சூலின் விலையை வலியுள்ள ஓர் உயிர் செலுத்துகிறது!

2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே வர்சீனியாவில் ஐந்து படிப்பன்றிகள் பிறந்தன. முதன்முதலாக இதயம் மாற்றிய பர்னார்டின் நினைவாக ஒன்றுக்குக் 'கிறிஸ்டா' என்றும், குருதிக் குழாய்களைத் தைக்கக் கற்பித்த கரேலின் நினைவாக வேறிரண்டுக்கு 'அலெக்சிஸ்', 'கரேல்' என்றும் பெயரிட்டனர். அவற்றின் சூல்கள் உயிருள்ள பன்றிகளின் உடலிலே முதிர்ந்தவை. உடலைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அதே ஆண்டிலேயே வேறொரு குழுவினர் தட்டிலே முதிர்ந்த சூல்களிலிருந்து படிப்பன்றிகளைப் பெற்றுக் காட்டினர். அன்றுமுதல் சூலுக்காக உயிருள்ள பன்றியைக் கீறும் தேவை குறைந்தது. எவரும் இதை அறச்செயல் என்று கொண்டாடவில்லை. செலவு குறைந்தது என்றுதான் எழுதினார்கள்.

அறச்செயல் என்று நான் சொல்லுகிறேன். என் சொல்லுக்குத் துணையாக இருவர் உண்டு. 1959இலே வில்லியம் ரஸ்ஸல் என்ற விலங்கியலாரும், ரெக்ஸ் பர்ச் என்ற நுண்ணுயிரியலாரும் இங்கிலாந்திலே ஒரு நூல் வெளியிட்டனர். விலங்குகளைக்கொண்டு ஆய்வோர்க்கு அவர்கள் கூறிய வழிகள் மூன்று. இயன்றால் விலங்குக்குப் பதில் வேறொன்றைக் கொள்க. இயலாதபோது எண்ணிக்கையைக் குறைக்க. குறைத்த பின்னும் எஞ்சும் துன்பத்தைத் தணிக்க. ஆய்விலே கொடுமை மிகுவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்மனம் அன்று, கைத்திறக் குறைவே என்பது அவர்கள் நோக்கு. திறமற்ற ஆய்வு பத்து விலங்கிலே முடிவதை நூறு விலங்கிலே தேடும். ஆகவே அருள் என்பது உள்ளத்தின் ஈரம் மட்டுமன்று, கையின் தேர்ச்சியுமாகும். கண்ணீர் வடித்துவிட்டு நூறு பன்றியைக் கீறுகிறவரைவிட, கண்ணீரின்றி உட்கார்ந்து சிஸ்டீன் எத்தனை துளி என்று அளந்து இருபத்தைந்து பன்றியோடு நிறுத்துகிறவரை நான் மதிக்கிறேன்.

இத்துடன் வழக்கு தீர்ந்தது என்று எழுந்து போயிருப்பேன். மூன்றாமவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒரு குட்டிக்கு நான்கு தாய் என்பது ஒரு தாய் ஆயிற்று, சரி. குட்டிகள் எத்தனை?" என்றார்.

நியாயமான கேள்வி. 1865இலே ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலார் நிலக்கரியைப் பற்றி ஒன்று சொன்னார். நீராவி இயந்திரம் திருந்தத் திருந்த, ஒரு வேலைக்கு வேண்டிய கரி குறைந்தது. கரி குறைந்ததனாலேயே இயந்திரம் எங்கும் பரவிற்று. பரவியதனால் நாடு எரித்த கரி முன்னைவிடப் பெருகிற்று. சிக்கனமே செலவைப் பெருக்கிய விந்தை! பன்றிச் சூலுக்கும் அது பொருந்தாதா? நான்கு மடங்கு எளிதாகிவிட்டால், நான்கு மடங்கு குறைவாகச் செய்வார்களா, பத்து மடங்கு மிகுதியாகச் செய்வார்களா? அமெரிக்காவிலே மட்டும் உறுப்புக்காகப் பெயர் பதிந்து காத்திருப்போர் ஓர் இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் பன்றி என்றால் அத்தனை பன்றி வேண்டும். அந்தப் பன்றியின் வாழ்வு எத்தகையது? தாயின் நோய் ஒட்டாதிருக்க வயிற்றைக் கீறி எடுத்து, தாயைவிட்டுப் பிரித்து, வடிகட்டிய காற்றிலே, கழுவிய தரையிலே வளர்க்கும் வாழ்வு. சேறு என்று இகழ்ந்தோமே, அந்தச் சேற்றையும் காணாது அது!

இதற்கு ஆய்வாளரிடம் விடை இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. ஒரு குட்டிக்கு எத்தனை தாய் என்பது அவர் கையிலுள்ள கணக்கு. அதை அவர் குறைக்கிறார். எத்தனை குட்டி என்பது நாட்டின் கணக்கு. சட்டம் இயற்றுவோர், மருத்துவமனை நடத்துவோர், உறுப்பைப் பெறுவோர், உயிர் நீத்தபின்னும் தம் உறுப்பைத் தர மறுத்து மண்ணுக்கும் நெருப்புக்கும் கொடுப்போர் ஆகிய எல்லோரும் சேர்ந்து எழுதும் கணக்கு. சிதையிலே எரியும் ஒவ்வொரு நல்ல சிறுநீரகமும் எங்கோ ஒரு பன்றியின் தேவையைக் கூட்டுகிறது. பன்றியைத் தொடாதே என்று சொல்லும் வாயே, இறந்த தந்தையின் உடலைத் தொடாதே என்றும் சொல்லுகிறது. இரண்டும் சேர்ந்து நோயாளியைச் சாகச் சொல்லுகின்றன. அதை அறம் என்று நான் கொள்ள மாட்டேன்.

ஆனால் மூன்றாமவருக்கு இது முழு விடையன்று என்பதை ஒப்புகிறேன். மகள் சிறுநீரகமின்றி மஞ்சள் பூத்துக் கிடக்கும்போது, பன்றியா மகளா என்று கேட்டால், நான் மகள் என்பேன். அவரும் மகள் என்பார். அப்படிச் சொன்னதனால் பன்றிக்குச் செய்தது சரியாகிவிட்டது என்று நான் சொல்ல, அவர் மட்டும் இல்லை என்கிறார். கடன் வாங்கித்தான் தீர வேண்டியிருந்தது என்பது கடன் தீர்ந்ததாகாது என்கிறார். அவரை என்னால் மறுக்க முடியவில்லை.

பால்டிமோர்ச் செய்தியை வெளியிட்ட ஏடுகளிலே கைக்குக் கிடைத்தவற்றை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மருத்துவரின் பெயர் இருந்தது. நோயாளியின் வயது இருந்தது. மாற்றிய மரபணு பத்து என்பது கொட்டை எழுத்திலே இருந்தது. அந்த ஒரு பன்றியைப் பெறுவதற்குத் தட்டிலே இட்ட சூல் எத்தனை, வயிற்றிலே வைத்த கரு எத்தனை, கீறப்பட்ட பன்றி எத்தனை, அவற்றிலே ஈன்றது எத்தனை என்பது நான் படித்த எதிலும் இல்லை. அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால் அந்த ஒரு வரியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று ஏட்டாசிரியர் ஒருவருக்கு எழுதினேன். "படிப்போருக்கு அதிலே என்ன இருக்கிறது?" என்று விடை வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.